சர்க்கரை ஓபியை மாற்றியமைக்க நோயாளிகளோடு உட்கார்ந்தபோது

அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பிரஷர் ஓபியைச் சீர்செய்ய நோயாளிகளையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கருத்துப் படிவத்தில் தொடங்க வேண்டாம். ஊசி போடும் சிஸ்டரே படிவத்தையும் நீட்டினால் எல்லாக் கட்டத்திலும் ‘நன்று’ என்றுதான் விழும். அடுத்த மாதமும் அவரிடம்தானே வர வேண்டும்?

கூடவே நடந்து பார்ப்பதுதான் நாங்கள் முதலில் செய்வது. சம்மதம் கேட்டுக்கொண்டு, வாசலில் நுழைந்ததிலிருந்து மாத்திரை வாங்கி வெளியேறும்வரை ஒவ்வொரு இடத்திலும் மணி பார்த்துக் குறிக்கிறோம். துணையில்லாமல் வரும் முதியவர், கூலி வேலைக்குப் போகிறவர், பார்வை மங்கியவர் என்று கலந்து பத்துப் பன்னிரண்டு பேர் போதும்.

டாக்டர் அறை வாசலில்தான் தாமதம் என்று ஊழியர்கள் நினைத்திருப்பார்கள். குறிப்பைப் பார்த்தால் சிக்கல் லேபில் இருக்கும். வெறும் வயிற்றில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர், சீட்டு இல்லாமல் ரத்தம் எடுக்க மாட்டார்கள் என்பதால் முதலில் சீட்டு வரிசையில் நிற்கிறார். இன்சுலின் போடுபவருக்கு நேரம் தவறினால் சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும். ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, 2 மணி நேரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். அந்த ரிசல்ட் வருவதற்குள் ஓபி முடிந்துவிடும். அதனால் பலர் இரண்டாவது முறை கொடுக்காமலே போய்விடுகிறார்கள். பதிவேட்டிலோ ‘நோயாளி வரவில்லை’ என்று மட்டும் இருக்கும்.

இங்கிலாந்தின் லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையில், 2005-06 வாக்கில், தலை, கழுத்துப் புற்றுநோய் நோயாளிகளைத் தங்கள் சிகிச்சை அனுபவத்தைப் பேசவைத்துப் படம்பிடித்தார்கள். ஊழியர்களோடு அதைப் பார்த்து, இரு தரப்பும் சேர்ந்தே மாற்றங்களை முடிவு செய்தார்கள். இங்கே வீடியோ என்றால் நோயாளிகள் தயங்குகிறார்கள். குரல் பதிவே போதும். பெயர், ஊர் எல்லாவற்றையும் வெட்டி 20 நிமிடத்துக்குள் சுருக்குங்கள். ஊழியர்கள் அதை முதலில் தனியாகக் கேட்க வேண்டும். இரு தரப்பும் சேர்ந்து உட்காரும் கூட்டத்தில் திடீரென்று போட்டால் பதில் சொல்வதிலேயே நேரம் போய்விடும்.

கூட்டத்துக்கு ஒரே ஒரு நோயாளியை அழைத்தால் அவர் வாய் திறக்க மாட்டார்; நான்கு பேராவது வேண்டும். பஸ் செலவையும் அன்றைய கூலியையும் எந்த நிதியிலிருந்து தருவது என்று மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்திடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். இல்லையென்றால் ஓய்வூதியம் வாங்குபவர்கள் மட்டுமே வருவார்கள். திட்டம் முடிவான பிறகு அழைப்பதைவிட அழைக்காமலே இருக்கலாம்.

இப்படி உட்கார்ந்தால் வரும் யோசனைகள் பெரிய செலவு வைப்பதில்லை. ஒவ்வொரு வருகையின் முடிவிலும் அடுத்த முறைக்கான லேப் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டால், வெறும் வயிற்றில் வருபவர் நேராக லேபுக்குப் போகலாம்.

மதிப்பீட்டில் எதை அளப்பது என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். நாங்கள் மொத்தக் காத்திருப்பு நேரத்தை அளக்க நினைத்தோம்; அவர்கள் கேட்டது, ‘எத்தனை மணிக்குச் சாப்பிட முடிந்தது?’ அதுவே சரியான கேள்வி. 3 மாதம் கழித்து மறுபடி கூடவே நடந்து அதைக் குறியுங்கள். லேப் பதிவேட்டில் இரண்டாவது ரத்தம் கொடுத்தவர் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். எந்த யோசனையை ஏற்றோம், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை ஓபி சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்; படிக்க முடியாதவர்களுக்கு, வரிசையில் நிற்கும்போதே வாசித்துக் காட்டுங்கள்.