சுவருக்கு அந்தப் பக்கம்: டர்பன் டவுன்ஹவுஸில் ஒரு சத்தப் புகார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே ஒரு டவுன்ஹவுஸ் காம்ப்ளெக்ஸில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் வழியாக ராத்திரியில் வந்த சத்தத்தை எப்படித் தீர்த்தோம் என்று எழுதுகிறேன். ஊரிலிருந்து வேலைக்கு வந்து இங்கே குடியேறும் நம்மவர்கள் பலர், வாடகை வீடுதானே, எதற்கு வம்பு என்று ஒப்பந்தம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்கத் தேவையில்லை.

வந்தது பாட்டுச் சத்தமோ பேச்சுச் சத்தமோ இல்லை. சப்வூஃபர் எனும், ஆழ்ந்த பேஸ் ஒலி தரும் பெட்டியின் அடி மட்டும்தான். பக்கத்து வீட்டு ஹாலில் படம் ஓடினால் வசனம் ஒன்றும் எங்களுக்குக் கேட்காது. ஆனால் எங்களோடு இருக்கும் என் மாமியாரின் அறையில் கட்டில் வரை அதிரும். "யாரோ ராத்திரி முழுக்க உரல்ல இடிச்சுக்கிட்டே இருக்காங்கம்மா" என்பார். அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு. தூக்கம் கெட்டால் மறுநாள் தலைசுற்றல் வந்துவிடும்.

பக்கத்து வீட்டார் நான்கு தலைமுறையாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழ் பேச வராது, ஆனால் கோவிலில் தேவாரம் மனப்பாடமாகப் பாடுவார்கள். புரட்டாசியில் சமைத்ததை எங்களுக்கும் கொடுத்தனுப்பும் நல்ல மனசு அந்த ஆன்ட்டிக்கு. முதலில் அவரிடம்தான் சொன்னேன். தங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் சத்தமாக வைப்பதில்லையே என்றார். அவர் சொன்னது உண்மைதான். பேஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலியின் அலைநீளம் பல மீட்டர் இருக்கும். சாதாரணச் செங்கல் சுவர் பேச்சைத் தடுக்கும் அளவுக்கு அதைத் தடுக்காது. பெட்டி தரையிலேயே இருந்தால் அதிர்வு கான்கிரீட் வழியாகவும் பரவும். அறையின் அளவும் அலையின் அளவும் பொருந்திவிட்டால், வைத்தவர் வீட்டைவிடப் பக்கத்து அறையில் பலமாகத் தெரியவும் கூடும். இது புரியாததால்தான் இந்த மாதிரிச் சண்டைகளில் ஒருவர் மற்றவரைப் பொய் சொல்வதாக நினைக்கிறார்.

சில நாள் குறைந்தது, பிறகு பழையபடி ஆனது. போலீஸைக் கூப்பிடச் சொன்னவர்கள் உண்டு. வாசலில் ஒரு வேன் வந்து நின்றால் அன்றைக்கு மட்டும் சத்தம் நிற்கும். அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தின் முகத்தில் விழிக்க முடியாது. நான் மறுத்துவிட்டேன்.

போன் செயலியில் டெசிபல் அளந்து பார்ப்பது எல்லோருக்கும் தோன்றும் வழி. சத்தம் குறித்த விதிமுறைகளில், சுற்றுப்புற அளவைவிட 7 டெசிபல் கூடினால் அது 'தொந்தரவு தரும் சத்தம்' என்று ஒரு வரையறை இருக்கிறது. ஆனால் அது 'ஏ' அளவுகோலில் எடுப்பது. மனிதக் காதைப் போலவே அந்த அளவுகோல் தாழ்ந்த ஒலிக்குக் குறைந்த மதிப்புதான் கொடுக்கும். போன் மைக்கோ அந்த ஒலியைச் சரியாகப் பிடிப்பதே இல்லை. கட்டில் அதிரும் நேரத்தில்கூடத் திரையில் சாதுவான ஓர் எண்தான் தெரியும். அந்த எண்ணைப் புகாரோடு வைத்தால் நம் புகாரை நாமே பலவீனமாக்கிவிடுவோம். ஆனால் அதே விதிமுறைகளில், கருவியால் அளக்காமலே ஒருவரின் அமைதியைக் கெடுக்கும் சத்தம் என்று காட்டக்கூடிய இன்னொரு வகையும் உண்டு. நான் நம்பியது அதை.

அதற்காக ஒரு நோட்டு போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த அறை, அப்போது வீட்டில் என்ன நடந்தது. 'சத்தம் தாங்கவில்லை' என்று எழுதுவதைவிட, 'பதினொன்றே காலுக்கு அத்தை எழுந்து ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார்' என்று எழுதினால் படிப்பவருக்கு விஷயம் புரியும்.

எங்கள் காம்ப்ளெக்ஸ் செக்‌ஷனல் டைட்டில் முறையில் உள்ளது; அதாவது வீடு அவரவருக்குச் சொந்தம், மற்ற இடமெல்லாம் எல்லோருக்கும் பொது. இதில் நம் வீட்டின் எல்லை நடுச்சுவரின் மையக்கோடு. பாதிச் சுவர் நமது, பாதி அவர்களது. 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த, இத்தகைய காம்ப்ளெக்ஸ்களின் நிர்வாகத்துக்கான சட்டத்தோடு சேர்ந்த நடத்தை விதிகளில் ஏழாவது, மற்றவர் தம் வீட்டில் நிம்மதியாக இருப்பதைக் கெடுக்கக்கூடிய சத்தம் எழுப்பக் கூடாது என்கிறது. காம்ப்ளெக்ஸ் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்காரர்களையும் அது கட்டுப்படுத்தும், காப்பாற்றவும் செய்யும். வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டு, விதி எண்ணைக் குறிப்பிட்டு, காம்ப்ளெக்ஸின் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் மேனேஜிங் ஏஜென்டுக்கு எழுதினேன். எல்லா வீட்டுக்கும் 'அக்கம்பக்கத்தை மதித்து நடங்கள்' என்று ஒரு பொதுச் சுற்றறிக்கை போனது. அதனால் பலன் இல்லாததோடு, யாரைச் சொல்கிறார்கள் என்று காம்ப்ளெக்ஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது அப்போதுதான்.

அடுத்து, வீட்டு உரிமையாளர்கள் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவான டிரஸ்டிகளுக்கு எழுதினேன். அவர்கள் இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டும் முடிவு வராததால், சிஎஸ்ஓஎஸ் எனும் சமூகக் குடியிருப்பு ஆம்பட் (குறைதீர்ப்பு) சேவைக்கு விண்ணப்பித்தேன். காம்ப்ளெக்ஸ் தகராறுகளுக்காகவே அரசு அமைத்த அமைப்பு இது. 2016ஆம் ஆண்டு விதிகளில் விண்ணப்பக் கட்டணம் 50 ரேண்ட். பிரச்சினையால் பாதிக்கப்பட்ட யாரும் கொடுக்கலாம். சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. உள்ளுக்குள் தீர்க்க முயன்றதற்கான கடிதங்களை இணைக்க வேண்டும். முதலில் சமரசப் பேச்சு; அதில் முடியாவிட்டால் தீர்ப்பாளரிடம் போகலாம், அதற்கு அதே விதிகளில் மேலும் 100 ரேண்ட். அவர் தரும் உத்தரவை நீதிமன்ற உத்தரவைப் போலவே அமல்படுத்த முடியும். வழக்கறிஞர் வைக்காமலே இதைச் செய்யலாம்.

படிவத்தில் என்ன நிவாரணம் வேண்டும் என்று ஒரு கேள்வி. இந்தக் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 'சத்தம் நிற்க வேண்டும்' என்று யாரும் உத்தரவு போட முடியாது. ஒட்டு வீட்டில் கொஞ்சம் சத்தம் வரத்தான் செய்யும். டர்பனுக்குத் தெற்கே இசிபிங்கோ பீச்சில் பாங்கு ஓசை குறித்த வழக்கில் டர்பன் உயர் நீதிமன்றம் 2020இல் தந்த தடையை, உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022இல் நீக்கியது. எனக்குப் பிடிக்கவில்லை, என் உடம்புக்கு ஆகவில்லை என்பது மட்டும் போதாது. சாதாரணமான ஒருவர் பொறுத்துக்கொள்ளக்கூடியதா என்றே பார்ப்பார்கள். அதனால் மூன்றே கேட்டேன். இரவு ஒன்பதுக்கு மேல் சப்வூஃபரை மட்டும் அணைக்க வேண்டும், படம் ஓடட்டும். பெட்டியை நடுச்சுவரிலிருந்து தள்ளி, தடித்த ரப்பர் பட்டைமேல் வைக்க வேண்டும். நடுச்சுவர் கூரை வரை போகிறதா என்று பாடி கார்ப்பரேட், அதாவது எல்லா வீட்டு உரிமையாளர்களும் சேர்ந்த அமைப்பு, பார்க்க வேண்டும்.

சமரசப் பேச்சு ஆன்லைனில் நடந்தது. ஆன்ட்டியும் மகனும் வந்தார்கள். அவர்கள் வழக்கமாக வைக்கும் அளவிலேயே வைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கலாமா என்று அங்கே பேச்சு வந்தது. அன்று சாயங்காலமே ஆன்ட்டி வந்தார். அத்தையின் அறையில் சுவரில் கையை வைத்தார், பிறகு கட்டில் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தார். மகனைப் போனில் கூப்பிட்டு, நீயே வந்து பார் என்றார். அந்தப் பையன் வந்து நின்ற அரை நிமிடத்தில் மன்னிப்புக் கேட்டான். இத்தனை கடிதத்தால் ஆகாதது அந்த அறையில் ஆனது. ஆனால் அந்தக் கடிதங்கள் இல்லாமல் அவர்கள் அந்த அறைக்கு வந்திருக்கவும் மாட்டார்கள். மூன்றையும் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டோம்.

கூரைக்குள் ஏறிப் பார்த்தவர் சொன்னது டிரஸ்டிகளையே அதிர வைத்தது. நடுச்சுவர் சீலிங்கோடு நின்றுவிட்டது. அதற்கு மேலே ஓடு வரை இரண்டு வீட்டுக்கும் ஒரே வெற்றிடம். அந்த அடி அவ்வழியேயும் வந்திருக்கலாம். அதைவிடப் பெரிய கவலை, தீப்பிடித்தால் அதே வழியில் பக்கத்து வீட்டுக்குத் தாவும். எங்கள் வரிசை முழுக்க இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது ஒன்பதுக்கு மேல் அடி இல்லை, அத்தை தூங்குகிறார். ஆனால் அந்தச் சமரச ஒப்பந்தம் இந்தக் குடும்பத்தைத்தான் கட்டுப்படுத்தும். நாளை அவர்கள் வீட்டை விற்றால் வருகிறவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் கூரைச் சுவரை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் லெவி (உரிமையாளர்கள் கட்டும் பராமரிப்புத் தொகை) உயரும் என்று சிலர் எதிர்த்தார்கள். எழுந்து, முதலில் எங்கள் வரிசையைக் கட்டுங்கள் என்று பேசியது ஆன்ட்டிதான். கட்டுமானச் செலவுக்கு விலைப்பட்டியல் கேட்டிருக்கிறார்கள்.