அடுக்களையில் படித்த காந்தப் பாடம்

அரையாண்டுத் தேர்வில் ‘காந்தம் எல்லா உலோகங்களையும் ஈர்க்கும், சரியா, தவறா?’ என்ற கேள்விக்கு ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் ‘சரி’ என்று எழுதிவிட்டு வந்தாள். ‘காந்தம் ஈர்ப்பவை இரும்பு, நிக்கல், கோபால்ட்’ என்று முந்தின இரவு என்னிடம் பிசகாமல் ஒப்பித்தவள்தான். மதிப்பெண் போனதைவிட, காந்தத்தை அவள் கையில் கொடுக்காமலே ஒப்பிக்க வைத்தேனே என்பதுதான் என்னை உறுத்தியது.

பரணில் கிடந்த பழைய ஸ்பீக்கரிலிருந்து வளையக் காந்தத்தைக் கழற்றினேன். கடையில் இரண்டு சட்டக் காந்தங்கள் வாங்கினோம். ஒட்டுமா, ஒட்டாதா என்று முதலில் ஊகித்து எழுதிவிட்டுத்தான் காந்தத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று சொன்னேன். இரும்புத் தோசைக்கல் ‘டக்’கென்று பிடித்துக்கொண்டது. பித்தளை விளக்கு, செம்புக் குடம், அலுமினியக் குண்டான் எதிலும் ஒட்டவில்லை. எவர்சில்வர் டம்ளரில்தான் திகைத்தாள்.

“இதில் இரும்பு இருக்கிறதென்று சொன்னீர்களே அம்மா, ஏன் ஒட்டவில்லை?”

இரும்போடு குரோமியமும் நிக்கலும் சேரும்போது உள்ளே அணுக்கள் அடுக்கப்படும் விதமே மாறிவிடுகிறது, அதனால் பல எவர்சில்வர் பாத்திரங்களைக் காந்தம் இழுக்காது என்றேன். கத்தி ஒட்டியது, அதுவும் எவர்சில்வர்தான், ஆனால் கலவை வேறு. அன்றிலிருந்து ‘எல்லா உலோகங்களும்’ என்ற சொற்களைப் பார்த்தாலே நின்று யோசிக்கிறாள்.

பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் விலக்குதல், அதாவது ஒரு காந்தம் இன்னொன்றைத் தள்ளுவது. ஒரு சட்டக் காந்தத்தையும் அதே அளவு இரும்புத் துண்டையும் தனித்தனியே தாளில் சுற்றி, இன்னொரு காந்தத்தைக் கொடுத்து, எது காந்தம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். “ஒட்டுகிறது, இதுதான்!” என்று அவசரப்படுவார்கள். இரும்பும் ஒட்டுமே! முனையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு எப்படித் திருப்பினாலும் ஒட்டும். காந்தமோ வடக்கு முனையும் வடக்கு முனையும் நெருங்கினால் தள்ளும். நடுவில் கண்ணுக்குத் தெரியாத மெத்தை இருப்பதுபோல விரல்களே அதை உணரும். ஒன்று காந்தமா என்று அறிய விலக்குதலே உறுதியான சோதனை என்ற விடை அந்த விரல்களிலிருந்து வர வேண்டும்.

அடுத்து ஊசித் திசைகாட்டி. தையல் ஊசியைக் காந்தத்தின் ஒரே முனையால், ஒரே திசையில், முப்பது நாற்பது முறை தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் காந்தத்தைத் தூக்கித் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாங்கள் முதலில் முன்னும் பின்னுமாகத் தேய்த்து ஏமாந்தோம். பிளாஸ்டிக் கிண்ணத்துத் தண்ணீரில் தெர்மோகோல் துண்டு மேல் ஊசியை வைத்தபோது அது மெல்லத் திரும்பி வடக்கு தெற்காக நின்றது. மற்றக் காந்தங்களைத் தள்ளி வைக்க மறக்காதீர்கள்.

சின்னஞ்சிறு பொத்தான் காந்தங்களை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். இரண்டை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துப் பேராபத்து விளைவிக்கும்.

ஒருநாள் சட்டக் காந்தம் தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. ஒரு துண்டில் வடக்கு, மற்றதில் தெற்கு என்று அடித்துச் சொன்னாள். மிதக்கும் ஊசியின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தோம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை ஊசியின் நுனியை இழுத்தது, மறுமுனை தள்ளியது.

“இன்னும் உடைத்தால்?”

“அப்போதும் இரண்டு முனைதான்.”

நம்பாமல் சுத்தியல் கேட்டாள். தட்டத் தட்டக் காந்தத்தின் வலு குறையும் என்று சொன்னதும், துண்டுகளைத் தீப்பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டாள்.