தேங்காய் சுட ஓர் இடம்

எங்கள் வீட்டு அழைப்பு மணிக்குப் பக்கத்தில் இரண்டு அப்பாக்களின் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. ஒன்று என் அப்பா, இன்னொன்று என் மாமனார். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் பெரும்பாலும் இருப்பதில்லை. குடும்பப் பெயர்தான் விலாசம். மணியிலும் தபால் பெட்டியிலும் பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். நமக்குத்தான் குடும்பப் பெயரே கிடையாதே. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியதில் அப்பா பெயர் போய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டது. எனக்கு என் அப்பா, அவருக்கு அவர் அப்பா.

2018 மே மாதம் டோர்ட்முண்டுக்கு வந்தோம். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் போய் விலாசத்தைப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். பதிந்துகொண்ட அம்மையார் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கல்யாணச் சான்றிதழை இன்னொரு முறை கேட்டு வாங்கிப் படித்தார். வேலையில் சேர்ந்த நாளில் என்னை 'ஃப்ராவ்' போட்டு அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். திருமதி அப்பா! நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையில் குனிந்து உட்கார்ந்து பற்ற வைத்துக்கொண்டிருக்கும் மனிதரை இங்கே யார் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். போனில் சொன்னதும் அப்பா, "அதுக்கென்ன கண்ணு, ஜெர்மனிக்காரன் ஊர்ல என் பேரு கதவுல தொங்குதுல்ல" என்றார். பொடி வைத்து ஊதுகிற தொழில். பேச்சிலும் கொஞ்சம் வைப்பார்.

அந்த வருடம் எங்களுக்குத் தலையாடி. புதுப் பெண்ணை ஆடி மாதம் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவமாகுமே என்று பெரியவர்கள் சொல்லும் காரணம். டோர்ட்முண்டில் சித்திரை மாதம் காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக முடியாது, அதனால் இந்தக் காரணம் இங்கே செல்லாது என்று அம்மாவிடம் வாதாடினேன். அம்மா காரணத்தை விட்டுக்கொடுத்தாள், சீரை விட்டுக்கொடுக்கவில்லை. தலையாடிச் சீர் மாப்பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வந்தது. "வேட்டி எடுத்துக்கோங்க மாப்ள" என்று அப்பா தனியாகச் செய்தி அனுப்பினார். வேட்டிக்கு இங்கே எங்கே போவது? அந்தக் காசில் மழைக்கோட்டு வாங்கினோம்.

ஆடி ஒன்றுதான் என்னைப் படுத்தியது.

சேலத்துக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் பக்கம், நாமக்கல், கரூர், ஈரோடு வரைக்கும், ஆடி முதல் நாள் தேங்காய் சுடுவோம். தேங்காயின் நாரை உரித்து, மிச்சப் பிசிரையும் சிமெண்டுத் தரையில் தேய்த்து வழவழவென்று ஆக்க வேண்டும். மூன்று கண்ணில் மெத்தென்று இருப்பது ஒன்றுதான். அதைத் திறந்து தண்ணீரை வடித்துக்கொண்டு பச்சைப் பயறு, பொட்டுக்கடலை, எள், அவல், நுணுக்கிய வெல்லம், ஏலக்காய் எல்லாவற்றையும் திணிக்க வேண்டும். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியை அந்தக் கண்ணிலேயே செருகி, ஓட்டுக்கு மஞ்சள் பூசி, வாசலில் மூட்டிய தீயில் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். ஓடு கருகி 'டப்' என்று வெடிப்பு விடும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், தெருவே ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தும். பிள்ளையாருக்கு வைத்துவிட்டு உடைத்தால் உள்ளே பயறும் வெல்லமும் தேங்காயோடு சேர்ந்து வெந்திருக்கும். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இது என்று பாட்டி சொல்வாள். போருக்கும் பொட்டுக்கடலைக்கும் என்ன சம்பந்தம் என்று சேலத்தில் குகை என்ற பகுதியில் எங்கள் தெருவில் யாரும் கேட்டதாக நினைவில்லை. வாய் நிறையத் தேங்காய் இருக்கும்போது யார் கேட்பார்கள்?

இங்கே சூப்பர் மார்க்கெட்டில் தேங்காய் கிடைத்தது. எங்கள் வாடகை வீட்டு அடுப்போ கண்ணாடித் தட்டு அடுப்பு. சிவக்கும், சுடும், ஆனால் நெருப்பு கிடையாது. ஒரு தீக்குச்சி அளவு சுவாலைகூட இல்லாத வீட்டில் வாழ்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பால்கனியில் கரி மூட்டக் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் இருந்தது. சரி, ஓவனில் வைப்போம் என்று வைத்தேன். கடைக்காரர்கள் உடைக்க வசதியாக இருக்கட்டும் என்று தேங்காயின் இடுப்பைச் சுற்றி ரம்பத்தால் ஒரு கோடு கீறி விற்கிறார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. இருபது நிமிடத்தில் கோடு வழியாகப் பிளந்து, வெல்லப் பாகு ஓவன் அடியில் கொட்டித் தீய்ந்தது. வீடு முழுக்கப் புகை. இந்த மாநிலத்தில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். அது ஊரைக் கூட்டியது.

மேல் வீட்டுப் பெரியவர் துடைப்பத்தோடு இறங்கி வந்தார். கட்டையால் கருவியின் பொத்தானை அழுத்தி அணைத்தார். மூக்கை உறிஞ்சி, "நன்றாகத்தான் இருக்கிறது. இது என்ன கேக்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் "பாட்டி... போர்... பதினெட்டு நாள்" என்று ஏதோ உளறினேன். அவர் முகம் மாறிவிட்டது. எனக்கு யாரோ போரில் இறந்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார் போல. மறுநாள் கதவருகே ஒரு பூங்கொத்து இருந்தது. அந்தத் தவறை நான் திருத்தப் பல வருடம் ஆனது.

அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த ரூர் வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் கரியும் இரும்பும்தான். எனக்கு உருக்காலைச் சேலத்திலிருந்து வந்ததால் அந்த வாடை அந்நியமாகத் தெரியவில்லை. 2018 டிசம்பர் 21 அன்று இதே வட்டாரத்து ஊரான போட்ரோப்பில் ஜெர்மனியின் கடைசிக் கருங்கரிச் சுரங்கத்தை மூடினார்கள். கடைசிக் கரிக்கட்டியை நாட்டின் அதிபர் கையில் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெரியவர் அன்றைக்குக் கதவைத் திறக்கவே இல்லை. அதே மாதம் 4ஆம் தேதி அவர் வீட்டு ஜாடியில் இலையில்லாத செர்ரிக் கிளைகளைப் பார்த்திருந்தேன். பார்பரா என்ற புனிதர் சுரங்கக்காரர்களுக்குக் காவல். அவர் நாளில் வெட்டித் தண்ணீரில் வைத்தால் கிறிஸ்துமஸுக்குப் பூக்கும். "நீங்கள் சர்ச்சுக்கே போவதில்லையே?" என்றேன். "சர்ச்சுக்கு எதற்குப் போகணும்? கிளை இங்கேதானே இருக்கிறது" என்றார். நம் ஊர் முளைப்பாரியைப் பற்றிச் சொன்னேன். ஒன்பது தானியமா, பரவாயில்லையே என்று குறித்துக்கொண்டார்.

2019-இல் மகள் பிறந்தாள். அவரை 'ஓப்பா' என்கிறாள்; இங்கே தாத்தாவுக்கு அதுதான் சொல். சேலத்துத் தாத்தா போனில் வருகிறவர், ஓப்பா படியிறங்கி வருகிறவர். இதில் அப்பாவுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஓப்பாதான் எங்களை ஈஸ்டர் நெருப்புக்கு அழைத்துப் போனார். ஈஸ்டரை ஒட்டி ஊர் ஓரத்தில் மரக்கிளைகளை மலைபோலக் குவித்துக் கொளுத்துவார்கள். குளிர்காலத்தை விரட்டுவது என்று சிலர், உயிர்த்தெழுதல் என்று சிலர். அந்த விவாதம் ஓடியபடி இருக்க, பீர் விற்பனையும் ஓடும். இந்த மாநிலத்தில் வெட்டவெளியில் குப்பை கூளம் எரிப்பதற்குத் தடை உண்டு. ஆனால் 'மரபு நெருப்பு' என்றால் விலக்கு. அதற்கும் நிபந்தனைகள்: சங்கமோ சர்ச்சோ நடத்த வேண்டும், எல்லோரும் வரலாம் என்று இருக்க வேண்டும், முன்கூட்டியே நகராட்சியில் பதிய வேண்டும், வண்ணம் பூசாத மரமாக இருக்க வேண்டும். அதோடு, கொளுத்துவதற்கு முன்னால் குவியல் முழுவதையும் பிரித்து வேறிடத்தில் அடுக்க வேண்டும். ஏனென்றால் வாரக்கணக்கில் கிடந்த குவியலுக்குள் முள்ளெலிகள் வந்து குடியேறியிருக்கும். தீயணைப்பு வீரர்களும் பெரிய மனிதர்களும் வரிசையாக நின்று கிளைகளைக் கை மாற்றியதைப் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ள இத்தனை சிரமப்படுகிறார்களே என்றிருந்தது. எங்கள் குகையில் ஆடித் திருவிழாவுக்குச் சாமி வேஷம் போட்டவர்களை ஏற்றிவரும் வண்டி வேடிக்கையில் மாட்டு வண்டி போய் லாரி வந்தபோது நாங்கள் இப்படியெல்லாம் கூடிப் பேசவில்லை. ஒரு ஆடியில் வந்து நின்றது, பார்த்தோம், சிவபெருமான் லாரியில் இன்னும் உயரமாகத் தெரிந்தார், அவ்வளவுதான்.

அந்த நெருப்பின் ஓரத்தில்தான் மகள் கையில் ஒரு குச்சியைக் கொடுத்தார்கள். ஹேசல் மரத்துக் கிளை, நுனித் தோல் சீவியது, அதில் கயிறுபோலச் சுற்றிய ரொட்டி மாவு. தணலில் காட்டித் திருப்பித் திருப்பிச் சுட வேண்டும். அவள் அவசரப்பட்டுத் தீக்குள்ளேயே நீட்டினாள். "தணல்ல காட்டு பாப்பா, தீயில காட்டினா ஓடுதான் கருகும், உள்ள வேகாது" என்றேன். ஓடா, எந்த ஓடு என்று திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீட்டுக்கு வரும் வழியில் ஓப்பாவிடம் பூங்கொத்துக் கதையைச் சொல்லித் தீர்த்தேன். தெருவில் நின்று சிரித்தார். "என் தோட்டத்தில் சுடலாம்" என்றார்.

அது நகரத்துத் தோட்டத் துண்டு. சங்கத்தில் சேர்ந்து குத்தகைக்கு எடுப்பது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கில் காய், கனி பயிரிட வேண்டும், குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது, இப்படி அதற்கும் ஒரு சட்டப் புத்தகம். கிரில் அடுப்புக்கு அவர்கள் சங்கம் தடை சொல்வதில்லை.

கீறாத தேங்காய்க்கு ஈழத்து அண்ணன் ஒருவரின் கடைக்குப் போனேன். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போய்வரும் வழக்கத்தில் பழக்கமானவர். ஐந்து தேங்காயை ஆட்டி ஆட்டிப் பார்த்ததைக் கண்டு, "என்ன தங்கச்சி, ஆடிப் பிறப்புக்கோ?" என்றார். சுடப் போவதாகச் சொன்னேன். "சுடுறதோ? எங்கட ஊரில கூழ் காய்ச்சி, கொழுக்கட்டை அவிப்பம். தேங்காயைச் சொட்டுச் சொட்டா வெட்டிப் போடுவம். சுடுறதை இப்பதான் கேள்விப்படுறன்" என்றார். அதே நாள், அதே தேங்காய், அதே பயறு, வெல்லம்! இத்தனை வருடம் அது எனக்கும் தெரியாது. தேங்காய்க்குக் காசு வாங்கவில்லை, சுட்டதில் ஒரு துண்டு கேட்டார்.

ஓப்பா துளை போடும் மெஷினோடு தயாராக இருந்தார். கெட்டிக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தவரை நிறுத்தி, எது மெத்தென்ற கண் என்று கட்டை விரலால் தடவிக் காட்டினேன். ஐம்பது வருடமாகத் தேங்காய் பார்த்திருக்கிறேன், மூன்றும் ஒன்று என்றல்லவா நினைத்தேன் என்றார். குச்சி அழிஞ்சி இல்லை, ஹேசல்தான். மகள் மஞ்சள் பூசினாள், தேங்காய்க்குக் கொஞ்சம், சட்டைக்கு மிச்சம். கரி மூட்டையைப் பிரித்தார் பெரியவர். பார்த்தால் தேங்காய் ஓட்டுக் கரி! கட்டுமானப் பொருள் கடையில் விற்கிறதாம். "வாழ்நாள் முழுக்கக் கரி வெட்டினேன், இப்போது பாருங்கள், கொட்டாங்குச்சியை வாங்கி எரிக்கிறேன்" என்று முனகிக்கொண்டே பற்றவைத்தார்.

மதியம் இரண்டரை. சேலத்தில் மாலை ஆறு. போனில் அம்மா மொட்டை மாடியில் இருந்தாள். குகை வீட்டை விட்டு அடுக்குமாடிக்கு மாறியாகிவிட்டது. கீழே வாகனம் நிறுத்துமிடத்தில் சுடக் கூடாது என்று அங்கே சங்கம் சொல்லிவிட்டதாம். பதினாறு வீடும் சேர்ந்து மாடியில் ஒரே தீ, வரிசையில் நின்று சுட வேண்டும். ஆடிக் காற்றுக்குத் தகரம் மறைத்திருந்தார்கள். "இப்பெல்லாம் குச்சி சீவியே விக்கிறாங்க கண்ணு, ஆனா ஒண்ணுக்கும் கூர் இல்ல" என்று அப்பா உறுமினார். பின்னால் யாரோ ஒரு குழந்தை கேஸ் அடுப்பில் சுட்டதைக் கொண்டுவந்து காட்டியது. அதெல்லாம் கணக்கில் சேராது என்று ஒரு பெண் குரல் தீர்ப்புச் சொன்னது.

எங்களுடையது 'டப்' என்றது. ஓப்பா துள்ளி எழுந்தார்.

"பிள்ளையாருக்கு வெச்சியா?" என்றாள் அம்மா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பயறு, ஏலக்காய், மஞ்சள், பேப்பர் தட்டு, எல்லாம் எடுத்து வைத்தேன். பிள்ளையார் வீட்டு அலமாரியில் இருந்தார். நான் சமாளிக்க வாயெடுப்பதற்குள் மகள் முதல் துண்டை எடுத்துக்கொண்டு ரோஜாச் செடிப் பக்கம் ஓடிவிட்டாள். அங்கே சிவப்புக் குல்லாய், தொந்தி, கையில் விளக்கோடு களிமண் குள்ளன் ஒருவன் நிற்கிறான். இந்த ஊர்த் தோட்டங்களில் இப்படி ஒருவன் நிற்காத இடம் அரிது. அவன் காலடியில் துண்டை வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். போனை நான் திருப்பத் தாமதமாகிவிட்டது.

அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "யாரு கண்ணு அது," என்றாள், "தாடி வெச்சிருக்காரு?"