குரூப் 4: எதை எங்கே தேடினேன்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. இந்தத் தடவை ரேங்க் இருக்கிறது. போன தடவை ஒரே ஒரு கேள்வியில், அதாவது 1.5 மார்க்கில், கட்-ஆஃபுக்குக் கீழே நின்றேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. பாடத்திட்டம், டைம்டேபிள் எல்லாம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தேடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை அப்பா பார்த்துக்கொள்கிறார். நான் படித்தது அங்கேதான். சுவர் அத்தனை மொத்தம், வளவுக்குள், அதாவது உள்முற்றத்துப் பக்கம், சிக்னல் வராது. பகலெல்லாம் சந்தேகங்களை நோட்டில் குறித்து வைத்துவிட்டு, சாயங்காலம் முகப்புத் திண்ணைக்கு வந்து மொத்தமாகத் தேடுவேன். கேள்வியை அப்படியே கூகுளில் அடிப்பது, முதலில் வருவதை எழுதிக்கொள்வது. நான் கோட்டைவிட்டது இந்தப் பழக்கத்தால்தான் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

கண் திறந்தது ஒரு மாதிரித் தேர்வில். காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வகம், திறக்கப்பட்ட ஆண்டு? 1948 என்று போட்டேன். தப்பு. அது நேரு அடிக்கல் நாட்டிய ஆண்டு, ஜூலை 25. ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தது 1953 ஜனவரி 14. என் நோட்டில் இருந்ததோ ஏதோ ஒரு கோச்சிங் தளத்து வரி, 'தொடக்கம் 1948' என்று மொட்டையாக. செக்ரியின் சொந்தத் தளத்துக்கு நான் போகவே இல்லை. பக்கத்து ஊர்க் கேள்வி வேறு!

அந்த வாரம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக வீட்டுக்கார ஆச்சி சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். பெரிய வெண்கலப் பானையை எடுத்து வரச் சொன்னார்கள். நான் பட்டாலைக் கூடத்துப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். "ஏத்தா, சமையல் சாமானைப் பட்டாலையில தேடினா கிடைக்குமா? மூணாங்கட்டுக்குப் போ" என்றார்கள். சமையல் சாமான் இருக்கும் பின்கட்டு அது. அன்று ராத்திரியே நோட்டின் பின்னட்டையில் நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் அது யார் வீட்டுச் சாமான், அதாவது எங்கே தேட வேண்டும் என்பது. அந்தப் பட்டியல் இதுதான்.

அரசாணை, திட்டங்கள், பழைய வினாத்தாள்: கூகுள். ஆனால் ஆங்கிலத்தில் 'சைட்' என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் அரசுத் தளத்தின் முகவரி, அப்புறம்தான் தேடும் சொல். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடக்கூடாது. நான் விட்டுவிட்டு மூன்று நாள் 'இது வேலை செய்யாது' என்று திட்டிக்கொண்டிருந்தேன். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தமிழில் தேடி வராத பிடிஎஃப்: இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பழைய கோப்புகள் பல யூனிகோடில் இல்லை. திரையில் அழகான தமிழ், நகலெடுத்து ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கல். தேடுபொறிக்கும் அது கிறுக்கல்தான். தலைப்பை ஆங்கிலத்தில் அடித்தால் பல நேரம் சிக்கும்.

சொற்பொருள், நூல்–ஆசிரியர்: தேடுபொறியே வேண்டாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. பாட்டு வரிக்கு மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் ஆகியவற்றின் தளங்கள்.

கூட்டு வட்டி, சுருக்குதல்: கணக்குப் போட்டுத் தரும் வுல்ஃப்ரம் ஆல்ஃபா தளம். விடை சரிபார்க்க மட்டும். வழிமுறையைக் கையால் போடுங்கள்.

நீக்கப்பட்ட பழைய அறிவிக்கை: இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின்.

இரண்டாவது கருத்து: டக்டக்கோ என்ற தேடுபொறி. அதன் முடிவுகள் பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருபவை, அதனால் கூகுளில் மேலே நிற்கும் அதே நாலு தளங்களைத் தாண்டி வேறு முகம் தெரியும். ஆச்சரியக்குறியோடு ஆங்கில 'டபிள்யூ' சேர்த்து, அப்புறம் தேடும் சொல்லை அடித்தால் நேரே விக்கிப்பீடியா.

ஏஐ: விளக்கத்துக்குக் கேளுங்கள், ஆண்டுக்குக் கேட்காதீர்கள். நான் சந்தேகப் பிராணி, அப்படித்தான் சொல்வேன்.

தேவையில்லாமல் இரண்டு ராத்திரி தொலைந்ததும் உண்டு. நம்ம கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களை வைத்து 1994-இல் சென்னையில் தொடங்கிய நூலகத்தின் பட்டியலில் பழைய பத்திரிகைப் பெயர்களாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். குரூப் 4-க்கு ஒரு மார்க் பிரயோஜனமில்லை. வருத்தமும் இல்லை.

ஆண்டு வருகிற எந்த விடைக்கும் பக்கத்தில் 'எதன் ஆண்டு' என்று எழுதுங்கள். அடிக்கல்லா, திறப்பா, சட்டமா, அமலா? கண்டாங்கிச் சேலை 2019 என்று மட்டும் எழுதினால் போதாது, 'புவிசார் குறியீடு கிடைத்தது' என்றும் இருக்க வேண்டும்.

கடைசிப் பத்து நாள் எதையும் தேடவில்லை. ஹால் டிக்கெட் இறக்க மட்டும் முகப்புக்கு வந்தேன்.