வலி போன பிறகு எடுத்த இசிஜி

குமுளியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டராக இருந்தேன். கம்பம், கூடலூரிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலையேறி வருபவர்கள்தான் எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர். நெஞ்சுவலி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘வாயு பிடிச்சிருக்கு’, ‘நெஞ்சு கரிக்குது, சோடா குடிச்சும் கேக்கல’ என்பார்கள். எங்கள் மலையாளி சிஸ்டர்கள் அந்த வாயுவை ஒருநாளும் நம்பியதில்லை. வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுத்துவிடுவார்கள்.

ஆஞ்சியோவுக்கு ஒரு பக்கம் கோட்டயம், இன்னொரு பக்கம் மதுரை. இரண்டும் 100 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் மலைப்பாதை. மாரடைப்பில் 120 நிமிடத்துக்குள் அடைப்பை பலூன் வைத்துத் திறக்க வழியில்லை என்றால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட வேண்டும். எங்களுக்கு எப்போதுமே வழியில்லை. ஆகவே இசிஜியில் எஸ்டி என்ற பகுதி கோட்டுக்கு மேலே தூக்கியிருந்தால் குழப்பம் கிடையாது. ஊசி போட்டு அனுப்புவோம். எஸ்டி தூக்காதவர்களிடம்தான் தலைவலி. யாரை இன்றே அனுப்புவது, யாரை வீட்டுக்கு விடுவது?

அவர் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை பார்த்தவர். ஐம்பதைத் தொடாத வயது. காலையில் மூட்டை தூக்கும்போது அரை மணி நேரம் நெஞ்சை அழுத்தியிருக்கிறது. என்னிடம் வந்தபோது வலி இல்லை. “இப்ப ஒண்ணுமில்ல சார், விடுங்க, மூணு மணிக்கு ஜீப்பு எறங்கிரும்” என்றார்.

நெஞ்சுவலிக்காரரின் ஆபத்தை எடை போடும் டிமி ஸ்கோர் போட்டேன். 7 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். வயது 65-க்குக் கீழே, சர்க்கரை, பிரஷர் இல்லை, ஆஸ்பிரின் சாப்பிடுபவர் இல்லை, வலி ஒரு தடவைதான், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ், எஸ்டி ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மொத்தம் சைபர். நெஞ்சின் முன்பக்கத்தில் பதிவாகும் வி2, வி3-இல் மட்டும், எஸ்டிக்கு அடுத்து வரும் டி அலை கொஞ்சம் மேலே ஏறி, கடைசியில் சட்டென்று கீழே இறங்கியிருந்தது. கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘சாதாரணம்’ என்று எழுதினேன். அடுத்த வாரம் டிரெட்மில் டெஸ்ட் என்று சீட்டும் கொடுத்தேன்.

இரவு 11 மணிக்குத் திரும்ப வந்தார், வேர்த்துக் கொட்டியபடி. வி1 முதல் வி4 வரை எஸ்டி படமெடுத்து நின்றது. மதியம் ட்ரோபோனின் முடிவுக்காக நான் உட்கார வைத்ததில் ஜீப் போய்விட்டது, ஸ்டோரிலேயே படுத்திருக்கிறார். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான். கட்டியைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் ஊசி போட்டோம். ஒன்றரை மணி நேரத்தில் எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியது, வலியும் விட்டது. காப்பீட்டு அட்டை தமிழ்நாட்டுடையது, அதனால் மதுரைக்கே போனார். ஆஞ்சியோவில், இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் எல்ஏடி ரத்தக்குழாயின் தொடக்கத்திலேயே அடைப்பு.

அந்த டி அலையை இதய மருத்துவர் வெல்லன்ஸின் குழுவினர் 1982-லேயே எழுதி வைத்துவிட்டார்கள். எல்ஏடியின் தொடக்கத்தில் அடைப்பு இருப்பதற்கு, வலி நின்ற பிறகு தெரிகிற அடையாளம் அது. வலி திரும்பும்போது டி நிமிர்ந்து, இசிஜி நல்லதாகக்கூடத் தோன்றலாம். இப்படிப்பட்டவரை டிரெட்மில்லில் ஓட விடுவது ஆபத்து. நானோ சீட்டே எழுதிக் கொடுத்திருந்தேன்! டிமி, அதே வகையைச் சேர்ந்த கிரேஸ் இரண்டு ஸ்கோருமே இசிஜியில் எஸ்டியைத்தான் கேட்கின்றன. டி-க்கு அங்கே பாயிண்ட் கிடையாது. கேட்காத கேள்விக்கு ஸ்கோர் எப்படிப் பதில் சொல்லும்?

அப்புறம் ஒவ்வொரு இசிஜியிலும் நேரத்தோடு ‘வலி உண்டு’, ‘வலி இல்லை’ என்று எழுத ஆரம்பித்தேன். சந்தேகம் இருந்தால் 15 நிமிடம் கழித்து இன்னொன்று. தாளின் ஓரத்தில், மெஷின் சரியான அளவில் வரைகிறதா என்று காட்டும் அளவுப்பெட்டி 10 மில்லிமீட்டர் உயரம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். ஒருமுறை யாரோ மெஷினைப் பாதி அளவில் வைத்துவிட்டுப் போக, அன்று முழுக்க எல்லார் இதயமும் சாதுவாகத் தெரிந்தது.

சில மாதம் கழித்து அவர் செக்கப்புக்கு வந்தார். பிளாஸ்டிக் கவரிலிருந்து அந்த முதல் இசிஜியை எடுத்துக் கொடுத்தார். தெர்மல் தாள், வெளுத்துப்போய்விட்டது. அலைகள் இருந்த இடமே தெரியவில்லை. என் வட்டமும், பக்கத்தில் எழுதிய ‘சாதாரணம்’ என்பதும் நீல மையில் பளிச்சென்று இருந்தன.