கதைப்பதும் பேசுவதும்

யாழ்ப்பாணத்துக்கு மருமகளாக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, நான்கு மணி நேரக் கடல் தாண்டிக் காங்கேசன்துறையில் இறங்கியபோது வேற்று நாட்டுக்கு வந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அதே வெயில், அதே தமிழ். பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை மட்டும்தான் புதிது.

அந்த நினைப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. "நேற்றிரவு உங்கள் மகனிடம் நெடுநேரம் பேசினேன்" என்றேன் மாமியிடம். (அத்தை என்று வாயில் வருவதை மாமியாக மாற்றவே ஒரு மாதம் பிடித்தது.) அவர் முகம் வாடிவிட்டது. "ஏன் பிள்ளை, அவன் என்ன பிழை செய்தான்?"

யாழ்ப்பாணத்தில் பேசுவது என்றால் திட்டுவது. நாம் பேசுவதை இங்கே கதைப்பது என்கிறார்கள். அன்றிலிருந்து வாயைக் குறைத்துக்கொண்டேன். இங்கேயும் ஒரு திருநெல்வேலி உண்டு; அந்தச் சந்தையில் காய்கறியை விரலால் காட்டி வாங்கினேன். வாய் திறந்தால் "இந்தியாவோ?" என்று கேட்பார்களே.

ஒரு சனிக்கிழமை மாமி என்னைச் சர்வமதக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார். சமாதானமும் ஆன்மிகமும் என்று தலைப்பு. எனக்கு அதில் புதிதாக என்ன இருக்கப்போகிறது என்றுதான் போனேன். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் நாகூர், மறுபக்கம் வேளாங்கண்ணி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கள் வீட்டில் இரண்டுக்கும் நேர்ந்துகொள்வார்கள்.

குருக்கள், பாதிரியார், மௌலவி, பிக்கு நால்வரும் குத்துவிளக்கு ஏற்றினார்கள். எல்லா நதியும் ஒரே கடலில் சேர்கிறது என்றார்கள். பள்ளிக்கூட ஆண்டுவிழாவிலேயே கேட்டது. பிக்கு நயினாதீவைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தேன். நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் நாகதீப விகாரைக்கும் குறிகட்டுவானிலிருந்து ஒரே படகில்தான் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன். அலை எழும்பினால் எல்லாரும் பிடிப்பது ஒரே பலகையைத்தான்.

பிறகு சபையிலிருந்து ஒரு முதியவர் எழுந்தார். சோனகத் தெருக்காரர். 1990 அக்டோபர் 30 அன்று, விடுதலைப் புலிகள் கொடுத்த இரண்டு மணி நேரக் கெடுவில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லாரோடும் ஊரைவிட்டு வெளியேறியவர். அடைக்கலம் புகுந்த புத்தளத்தில் அவரை யாழ்ப்பாணத்தான் என்றார்களாம். போர் முடிந்து திரும்பினால், இங்கே புத்தளத்தான் என்கிறார்களாம். குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"திரும்பி வந்தபோது எங்களை ஒருவரும் பேசவில்லை. ஆனால் ஒருவரும் கதைக்கவும் இல்லை."

மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஊரில் இருந்திருந்தால் அந்த வாக்கியம் எனக்குப் புரிந்தே இருக்காது. நாகூரில் சர்க்கரை வாங்கித் தின்றதை மத நல்லிணக்கம் என்று நினைத்திருந்தவள் நான். அங்கே எனக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. இங்கே மேடையில் எவருக்கும் அந்தச் சொல் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தேநீர் வேளையில் மாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "ஐயா, எந்த ஒழுங்கை?" என்று அவர் குடியிருந்த சந்தைக் கேட்டுத் தொடங்கியவர், தன் கல்யாணச் சட்டை தைத்த கடைவரை போய்விட்டார். இரண்டு பஸ்ஸை விட்டோம்.

மறுநாள் சந்தையில் விரலை நீட்டவில்லை. "சின்ன வெங்காயம் என்ன விலைங்க?" என்றேன். கடைக்கார அம்மா சிரித்தார். "இந்தியாவோ பிள்ளை?"

"நாகப்பட்டினம்."

அவருடைய அக்கா தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இருந்தவராம். வெயில் ஏறியது தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமி வாசலிலேயே கேட்டார், ஏன் இவ்வளவு நேரம் என்று.

"கதைத்துக்கொண்டிருந்தேன் மாமி."