கோதுமைத் துரு எதிர்ப்பு: தேர்வுக்குப் படிப்போருக்கு என் அனுபவம்

முதுநிலைப் பயிர்ப் பெருக்கத் தேர்வுக்கு ஆயத்தமானபோது, கோதுமையைத் தாக்கும் துரு என்னும் பூஞ்சை நோய்க்கான எதிர்ப்பு மரபணுக்களின் பெயர்களை அட்டவணையாக எழுதிச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தேன். தண்டுத் துருவுக்கு எஸ்ஆர், இலைத் துருவுக்கு எல்ஆர், மஞ்சள் துருவுக்கு ஒய்ஆர் என எல்லாம் நாவில் இருந்தன. செய்முறைத் தேர்வில் தண்டுத் துரு ஏறிய இரண்டு நாற்றிலைகளை வைத்து எது எதிர்ப்புடையது என்று கேட்டபோதோ, இரண்டிலும் கொப்புளங்கள் இருந்ததால் இரண்டுமே நோய்க்கு இடங்கொடுப்பவை என்று எழுதி மதிப்பெண்ணை இழந்தேன்.

பிறகுதான் கைலென்சில் நிதானமாகப் பார்த்தேன். ஓரிலையில் கொப்புளங்கள் பெரியவை. சுற்றியுள்ள திசு பச்சையாகவே இருந்தது. மற்றதில் அவை சிறியவை. ஒவ்வொன்றும் சிறு பச்சைத் தீவில் அமர்ந்திருக்க, அதைச் சுற்றி வெளிறிய வளையம் ஓடியது. முன்னது 4ஆம் வகைத் தாக்கம், பின்னது 2ஆம் வகை. நாற்றில் நோயின் தாக்கத்தை 0 முதல் 4 வரை வகைப்படுத்தும் அளவுகோலில் 2 வரை எதிர்ப்பாகவும், 3, 4 இரண்டும் எதிர்ப்பின்மையாகவும் கொள்ளப்படுகின்றன. கொப்புளம் இருக்கிறதா என்பதைவிட, அதன் அளவையும் சுற்றியுள்ள திசுவையும் முதலில் பார்க்கப் பழகுங்கள்.

கோட்பாட்டுத் தாளில் அதிகம் பயன்படுவது, ஆளிச்செடித் துருவில் ஃப்ளோர் என்ற அறிவியலாளர் கண்ட மரபணுவுக்கு மரபணு என்னும் தொடர்பு: செடியின் ஒவ்வோர் எதிர்ப்பு மரபணுவுக்கும் ஈடாகப் பூஞ்சையில் ஒரு மரபணு உண்டு என்பது. இதை வரையறையாக எழுதுவதைவிட எஸ்ஆர்31ஐக் கொண்டு விளக்குவது நல்லது. ரை தானியத்தின் குரோமோசோம் துண்டோடு கோதுமைக்கு வந்து பல நாடுகளில் பரவிய அந்த மரபணுவை, 1998இல் உகாண்டாவில் கண்டறியப்பட்டு யூஜி99 எனப் பெயர் பெற்ற தண்டுத் துருப் பூஞ்சை இனம் முறியடித்தது. பூஞ்சையில் ஏற்படும் ஒரு மாற்றமே ஒற்றை மரபணு எதிர்ப்பைக் கவிழ்க்கப் போதும். எல்ஆர்34 இதற்கு மாறானது: முதிர்ந்த செடியில் நோயின் வேகத்தைத் தணிக்கும், மூன்று துருக்களுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கும், இலை நுனி கருகுவது அதன் வயல் அடையாளம். 2009இல் பிரித்தெடுக்கப்பட்டபோது, அது சவ்வு வழியே பொருள்களைக் கடத்தும் புரதத்துக்கான மரபணு என்று தெரிந்தது. என் கருத்தில், இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதத் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது.

வயல் மதிப்பீட்டில் "40 எம்எஸ்" என்றால் 40 விழுக்காடு தீவிரம், மிதமான எதிர்ப்பின்மை. எம்எஸ் வகைக்குரிய 0.8ஆல் அந்த 40ஐப் பெருக்கினால், இரண்டையும் சேர்த்துக் காட்டும் தாக்கக் கெழு 32. இதில் சிக்கல் ஏதுமில்லை.

எதிர்ப்புள்ள செடியையும் எதிர்ப்பில்லாத செடியையும் கலந்து பெறும் இரண்டாம் தலைமுறைப் பிரிவுக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 160 செடிகளில் 150 எதிர்ப்புடையவை, 10 தாக்குண்டவை எனில், ஒற்றை ஓங்கு மரபணுவுக்குரிய 3:1 விகிதத்துக்குக் கை-வர்க்க (chi-square) மதிப்பு 30, இது 5 விழுக்காட்டு எல்லையான 3.84ஐ வெகுவாகத் தாண்டுவதால் அவ்விகிதம் பொருந்தாது. 15:1 அச்சாகப் பொருந்துவதால், தனித்தனியே செயல்படும் இரண்டு ஓங்கு மரபணுக்கள் என்பதே விடை. ஆனால் எண்ணியது நாற்றிலா, முதிர்ந்த செடியிலா என்பதை வினாவில் முதலில் தேடுங்கள். எல்ஆர்34 மட்டுமே உள்ள செடி நாற்றுப் பருவத்தில் பெரும்பாலும் தாக்குண்டவற்றின் கணக்கில்தான் போய்ச் சேரும்.